குறிப்பு என்ற கடைசிக் கட்டம்

பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பிதான்.
பின் அட்டையில் வாய்பாடு.
உள்ளே அடிமட்டம் வைத்து இழுத்த ஐந்து கட்டங்கள்:
நேரம், இனம், உயரம், திசை, குறிப்பு.

கதிர்காமத்தம்பியர் செத்து
முப்பத்தொன்று முடிந்த கையோடு
அவருடைய மருமகன் கொண்டுவந்து தந்தான்.
"உங்கட வீட்டைப் பற்றியும் கிடக்கு, அக்கா."
தேத்தண்ணி குடிக்க நிற்கவில்லை.

முதல் ஒற்றை நாற்பத்து மூன்று.
ஊரிக்காட்டில் வத்தைக்குப் பாய் தைத்த கையை
லொறியில் ஏற்றிப்
பலாலிக்குக் கொண்டுபோனான் வெள்ளைக்காரன்.
இறக்கைக்கும் துணிதான்.
அங்குலத்துக்கு எட்டுத் தையல்,
முடிச்சு காற்றுக்கு முகம் காட்டக்கூடாது.
மேலே பூசுகிற பசையில்
கனிந்த வாழைப்பழ மணம்.
வயிற்றுக்குக் கீழே இரண்டு குண்டைக் கட்டிக்கொண்டு
நீர்மூழ்கி தேடிக் கடலுக்குப் போகும்.
"பாய் காத்தைப் பிடிக்கும்,
இது காத்தில மிதிச்சு ஏறும்,
அவ்வளவுதான்" என்று
சந்தியில் சொல்லித் திரிந்தாராம்.

தைத்தவன் தைத்ததில் ஒருதரம் பறக்கவேண்டும்.
அந்த முகாமில் அப்படியொரு சட்டம்.

காலை 7.40. இரட்டைச் சிறகு. ஆயிரத்து எண்ணூறு அடி. வடக்கு.
குறிப்பு: கிணறுகள் சட்டைப் பொத்தான் மாதிரி.
வேலி தெரியுது.
வேலிக்கு எந்தப் பக்கம் ஆர் நிக்கினம் எண்டு தெரியேல்லை.
சத்தி எடுத்தேன். தையல் விடவில்லை.

அதற்குப் பிறகு சண்டை முடிந்து
வெள்ளைக்காரன் போய்
இவர் பழையபடி பாய்க்குத் திரும்பியதெல்லாம்
கொப்பியில் இல்லை.
ஒற்றையைப் புரட்டினால் எண்பத்தாறு.

ஊரே பதுங்குகுழிக்குள் குதிக்கையில்
மனிசன் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்பார்.
நாங்களும் சத்தத்துக்குப் பெயர் சொல்லப் பழகிவிட்டோம்:
அவ்ரோ முனகும், ஹெலி வெட்டும்.
அவர்தான் சத்தத்துக்குள் இருந்த ஆளைக் கேட்டார்.
"இவன் புதுசு. கை பதறுது."
"இவன் நேற்று வந்தவன். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறான்."
குழிக்குள்ளிருந்து அம்மா ஏசுவா:
"அவன் என்ன, உம்மட பெறாமகனே?"

வைகாசி, செவ்வாய்.
பின்னேரம் 4.10. சியாமாசெட்டி. முந்நூறு அடி. தென்கிழக்கு.
குறிப்பு: குத்தி இறங்கினான்.
நிமிர்த்தி எடுத்த திருப்பம் வலு சுத்தம்.

நாலு பத்து.
அம்மா அன்றைக்குக் குழிக்குள் இறங்கவில்லை,
அரிசி களைந்துகொண்டிருந்தா.
சுவர் இல்லை, கூரை இல்லை,
கழுநீர்ச் சட்டி மட்டும்
தளும்பாமல் இருந்தது.

கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன்.
வந்ததுதான். இரண்டு நாள் கொப்பியை
விறகுக் கட்டோடு வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள்தான் வெளிச்சத்தில் பிடித்தேன்.

பறப்புக் குறிப்பேட்டில் அழிறப்பர் ஆகாது.
முகாமில் அப்படித்தான் பழக்கினவங்களாம்.
பிழையென்றால் ஒற்றைக் கோடு,
அடியில் கிடப்பது வாசிக்கத் தெரியவேண்டும்,
பக்கத்தில் கையொப்பம்.

'சுத்தம்' என்ற சொல்லின் மேல்
நீல மையில் ஒரு கோடு.
பக்கத்தில், கடுகளவில், க.த.
வேறு சொல் போடவில்லை.
வேறு என்ன சொல் போடுவது?

அடுத்த நாளும் எழுதியிருக்கிறார், அதற்கடுத்த நாளும்,
நேரம், இனம், உயரம், திசை.
கடைசிக் கட்டம் மட்டும்
தொண்ணூற்றைந்தில் ஊர் பெயரும்வரை
வெள்ளையாய்க் கிடக்கிறது.

இப்போது அதே பலாலியில்
சென்னை விமானம் இறங்குகிறது.
மேலால் போகையில் என் கால்
இன்னும் ஒருதரம் குழி தேடும்.
நேற்று உள்ளே ஓடாமல் பேனாவை எடுத்தேன்.

முற்பகல் 11.25. பயணிகள் விமானம்.
உயரம் கணிக்க எனக்குத் தெரியாது.
மேற்கு.
குறிப்பு: கொடியில் சேலை காயப் போட்டிருந்தேன்.
ஆடவில்லை.